நிறுத்தத் தெரியாத செல்

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பில் கட்டி இருந்ததால் பயாப்ஸி செய்தார்கள். புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதில் ‘மைட்டோடிக் கவுன்ட்’ அதிகம் என்று போட்டிருக்கிறார்கள். மைட்டாசிஸ் என்றால் செல் பிரிவது என்று பள்ளியில் படித்த ஞாபகம். செல் பிரிந்தால்தானே நாம் வளர்கிறோம்? அது எப்படி நோயாகும்? எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது வந்ததில்லை. “நான் என்ன தப்பு செய்தேன்?” என்று அம்மா தினமும் கேட்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நோய்க்குறியியல் மருத்துவராக 31 வருடம் நுண்ணோக்கியில் இந்தச் செல்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

நாம் எல்லோருமே ஒற்றைச் செல்லாகத் தொடங்கியவர்கள். அது இரண்டாகி, நான்காகி, உடம்பாகியது. வளர்ந்து முடித்த பிறகும் அந்த வேலை ஓயவில்லை. குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் நான்கைந்து நாளில் புதிதாகிவிடுகின்றன. எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது.

ஒரு செல் பிரிய வேண்டுமானால், 46 குரோமோசோம்களில் இருக்கும் சுமார் 600 கோடி டி.என்.ஏ. எழுத்துகளையும் அது முதலில் பிரதி எடுக்க வேண்டும். ஒரு லட்சம் எழுத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பிழை விழும். உடனே அதைத் திருத்தும் நொதிகள் உண்டு. அவை சரிபார்த்து முடித்த பிறகு, ஏறக்குறைய நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழைதான் மிஞ்சும். இவ்வளவு வருடம் கழித்தும் இந்தக் கணக்கு எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆனாலும் பிழை பூஜ்யமாவதில்லை. எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தவர் உடம்பிலும், பிரிதலுக்குப் பிரிதல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில பிழைகள் தங்கிவிடும்.

பிரதி எடுத்த பின் குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும். இரண்டு துருவங்களிலிருந்தும் இழைகள் நீண்டு வந்து அவற்றைப் பற்றி, ஆளுக்குப் பாதியாக இழுத்துச் செல்லும். சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களில் இதைப் பார்த்த வால்தர் ஃபிளெமிங், இழை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1882-இல் ‘மைட்டாசிஸ்’ என்ற பெயரை வைத்தார். இழை பற்றாமல் ஒரே ஒரு குரோமோசோம் நின்றால்கூட, மற்ற எல்லாமும் அதற்காகக் காத்திருக்கும். இப்படிப் பல இடங்களில் காவல் உண்டு. அந்தக் காவலும் முடுக்கமும் எப்படி நடக்கின்றன என்பதை ஈஸ்ட்டிலும், கடல் முள்ளெலி என்ற முள் போர்த்திய கடலுயிரியின் முட்டையிலும் கண்டுபிடித்த ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. டி.என்.ஏ. சேதமானால் ‘பி53’ என்ற புரதம் செல்லை நிறுத்தி வைக்கும். பழுது பார்க்க முடியாத நிலை என்றால் அந்தச் செல்லைச் சாகவும் செய்யும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53-இன் மரபணுவே கெட்டுப்போயிருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் ஒருநாள், ஒரு ஸ்லைடில் மூன்று துருவங்களுக்கு நடுவே இழுபடும் செல் ஒன்றைப் பார்த்தேன். புத்தகப் படம் அப்படியே கண்ணெதிரே! சந்தோஷத்தில் கத்திவிட்டேன். பேராசிரியர் வந்து பார்த்தார். “அந்தப் படிவத்தில் வயது என்ன போட்டிருக்கு, படிம்மா” என்றார். 34. அதற்குப் பிறகு ஸ்லைடை வைக்கும் முன் படிவத்தைப் படிப்பது என் வழக்கமாகிவிட்டது.

அந்த மூன்று துருவ விஷயம் முக்கியமானது. இரண்டு விந்தணுக்கள் நுழைந்த கடல் முள்ளெலி முட்டைகளில் குரோமோசோம்கள் இப்படித் தாறுமாறாகப் பங்கு பிரிவதைத் தியோடர் போவெரி கவனித்தார். புற்றுநோயின் தொடக்கமே இதுவாக இருக்கலாம் என்று 1914-இல் எழுதினார். நிரூபிக்கும் கருவிகள் அன்று இல்லை. மறு வருடமே அவர் இறந்துபோனார்.

ஒரு பிழையால் மட்டும் செல் புற்றுநோயாகிவிடாது. ‘பிரி’ என்று சொல்லும் மரபணு ஓயாமல் சொல்லத் தொடங்க வேண்டும், ‘நில்’ என்று சொல்லும் மரபணு வாயடைக்க வேண்டும், பழுது பார்ப்பதும் கெட வேண்டும். இவை ஒரே செல் வம்சத்தில் சேரப் பல வருடங்கள் ஆகும். வயது ஏற ஏற இந்நோய் கூடுவது அதனால்தான். புகையும் வெயிலும் சில வைரஸ்களும் பிழைகளைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் இவை எதுவுமே இல்லாமல், வெறும் பிரதிப் பிழையாலும் வரும். பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக் குறையால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான். உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாததில் ஆச்சரியம் இல்லை.

இனி அந்த ரிப்போர்ட். ஆய்வகத்தில் வளரும் மனிதச் செல்லுக்கு ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. அதில் இரண்டாகப் பிரியும் கட்டம் ஒரு மணி நேரம்தான். ஸ்லைடு என்பது ஒரு நொடியின் படம். அதில் பிரிந்துகொண்டிருக்கும் நிலையில் சிக்கும் செல்களின் எண்ணிக்கைதான் மைட்டோடிக் கவுன்ட். அந்த நொடியில் பிரிந்துகொண்டிருந்த செல்கள் நிறையச் சிக்கினால் கட்டி வேகமாக வளர்கிறது என்று பொருள். மார்பகப் புற்றுநோயின் தரத்தை (கிரேடு) இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன, குழாய் அமைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பவற்றையும் கூட்டித்தான் போடுவோம். கிரேடு வேறு, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டேஜ் வேறு. அடுத்த முறை மருத்துவரிடம் ஸ்டேஜ் என்ன, கட்டியின் செல்களில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேள்வி: புற்றுநோய்ச் செல்லுக்குச் சாவே கிடையாதா?
– பிளஸ் டூ மாணவர்

பதில்: சாதாரண மனிதச் செல்கள் வளர்ப்புத் தட்டில் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961-இல் ஹேஃப்ளிக் காட்டினார். குரோமோசோமின் நுனியில் இருக்கும் டெலோமியர் பிரிதல்தோறும் தேய்வதே காரணம். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் டெலோமரேஸ் என்ற நொதியால் அந்த நுனியைத் திரும்பக் கட்டிக்கொள்கின்றன. மருந்தாலும் கதிரியக்கத்தாலும் அவற்றைக் கொல்ல முடியும். தானாக நிற்பதுதான் இல்லை. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து 1951-இல் அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள், அவர் இறந்த பிறகும் உலகின் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டே இருக்கின்றன.

கேள்வி: நோய் ஒரு இடத்தில் இருக்க, கீமோவில் தலைமுடி ஏன் கொட்டுகிறது?
– வாசகர்

பதில்: பல மருந்துகள் குறிவைப்பது செல் பிரிதலைத்தான். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் அந்த இழைகளைக் கட்டவே விடாது. யூ மரப்பட்டையில் முதலில் கண்டெடுத்த பேக்லிடாக்செல், கட்டிய இழைகளைக் கலைய விடாது. எப்படியானாலும் பிரிதல் நடுவழியில் நிற்கும். எது புற்றுநோய்ச் செல், எது முடிவேரின் செல் என்று மருந்துக்குத் தெரியாது. வேகமாகப் பிரிபவை எல்லாம் அடிபடும். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைவது ஆகியவற்றுக்கும் இதுவே காரணம். மருந்து நின்ற சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு முடி முளைக்கத் தொடங்கிவிடும். முதலில் வரும் முடி மெல்லியதாகவோ சுருளாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம்.