வைரஸைக் கொல்லுமா கப் சாம்பிராணி?

கேள்வி: 'வைரஸை அழிக்கும் மூலிகைப் புகை' என்று அச்சடித்த கப் சாம்பிராணி சாதாரண கப்பைப் போல இரண்டு மடங்கு விலை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எல்லோருக்கும் மாறி மாறிச் சளி. வாங்கலாமா?

பதில்: வைரஸுக்காக என்றால் வேண்டாம், காசு மிச்சம்.

அசல் சாம்பிராணி என்பது ஸ்டைராக்ஸ் மரப்பட்டையைக் கீறினால் வடிந்து இறுகும் பிசின், சுமத்ரா, லாவோஸ் பக்கம் கிடைப்பது. அதில் பென்சாயிக் அமிலம், சின்னமிக் அமிலம், கொஞ்சம் வனிலின் எல்லாம் உண்டு. இந்தப் பென்சாயிக் அமிலம் ஊறுகாய், ஜூஸ் கெடாமல் இருக்கச் சேர்ப்பதுதான், அதனால் கிருமியைத் தடுக்கும் என்று சொல்வதில் பொய்யில்லை. ஆனால் பாட்டிலுக்குள் பூஞ்சையை நிறுத்துவது வேறு, கூடத்தில் மிதக்கும் சளி வைரஸைக் கொல்வது வேறு. விளம்பரக்காரர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது லக்னோ தாவரவியல் ஆய்வு நிலையத்தார் 2007-இல் வெளியிட்ட ஆய்வை. மூடிய அறையில் ஒரு மணி நேரம் ஹோமப் பொருட்களை எரித்ததில் காற்றிலிருந்த பாக்டீரியா 94 சதவீதம் குறைந்ததாம். சரி, அது பாக்டீரியா, எரித்ததும் ஹோம மூலிகைகள். உங்கள் கப்புக்கும் வைரஸுக்கும் அதில் என்ன வேலை?

அப்புறம் கப்பில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும் வாசனைத் திரவியமும்தான். எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் வரும், குழந்தையின் நெஞ்சுக்கு அது ஆகாது. தலைக்குக் குளிப்பாட்டிவிட்டுப் புகை காட்டுவது நம் வழக்கம்தான், தெரியும், ஆனாலும் சளி பிடித்திருக்கும் குழந்தை பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வாசனை பிடிக்கும், வெள்ளிக்கிழமை போட்டே ஆக வேண்டும் என்றால் நாட்டு மருந்துக் கடையில் கட்டிச் சாம்பிராணி கொஞ்சமாக வாங்குங்கள். உடைத்தால் செம்பழுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பருப்புப் போல் தெரிய வேண்டும், தணலில் போட்டால் இனிப்பு வாசனை வர வேண்டும். கண்ணாடி மாதிரி மஞ்சளாக, டர்பன்டைன் நெடியோடு கரும்புகை கக்கினால் அது பைன் மரத்து ரோசின். எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள்.

கடையில் பார்த்த அந்தப் பெட்டியைச் சும்மா விட வேண்டாம். வாசகத்தையும் தயாரிப்பாளர் முகவரியையும் போட்டோ எடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.