பாலத்துக்கு எதற்குக் கூரை?

கேள்வி: மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, வெர்மான்ட் பக்கம் ஒரு கிராமத்து மரப்பாலத்தைக் காட்டினான். இரண்டு பக்கமும் பலகைச் சுவர், மேலே வீடு மாதிரி கூரை! பாலத்துக்கு எதற்குக் கூரை, பனிக்காகவா? இன்னொன்று, எங்கள் பூர்வீக வீட்டில் இரண்டாம் கட்டில் ஓடு உடைந்து ஒழுகுகிறது. 'பர்மா தேக்கு, ஒன்றும் ஆகாது' என்கிறார்கள் பங்காளிகள். சரிதானா?
வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பனிக்காக இல்லை ஆச்சி. சொல்லப்போனால் கூரை இருந்ததால் உள்ளே பனியே விழாமல், குளிர்காலத்தில் சறுக்குவண்டி ஓடுவதற்காக ஆட்கள் வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பலகை மேல் பரப்பினார்கள். கூரை, அடியில் இருக்கும் மரத்துக்காகத்தான். பாரத்தைத் தாங்குவது நடக்கிற பலகை அல்ல, இரண்டு பக்கமும் நிற்கிற பெரிய மரச் சட்டங்கள். 1820இல் இத்தியேல் டவுன் என்பவர் காப்புரிமை வாங்கிய முறையில் பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சேருகிற இடமெல்லாம் மர ஆணி அடிப்பார்கள். அந்தப் பொருத்துகளுக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் லேசில் காயாது, பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். மூடாத மரப்பாலம் இருபது வருஷம் தாண்டுவதே கஷ்டம். வெர்மான்ட்டையும் நியூ ஹாம்ப்ஷயரையும் இணைக்கிற கார்னிஷ் விண்ட்சர் பாலம் 1866இல் கட்டியது, சுமார் 137 மீட்டர் நீளம், இன்றைக்கும் கார் போகிறது. 'குதிரையை நடத்திப் போ, இல்லையென்றால் 2 டாலர் அபராதம்' என்ற பலகையும் அதன் வாசலில் இருக்கிறது, குதிரைகள் ஓடினால் பாலம் அதிரும் என்று. இந்த மாதிரிப் பாலங்கள் பெரும்பாலும் தேக்கு இல்லை, பைன், ஸ்ப்ரூஸ் போன்ற சாதாரண மரங்கள்தான். நனையாமல் பார்த்துக்கொண்டதால் நிற்கின்றன.

அதனால் உங்கள் பங்காளிகள் சொல்வது பாதிதான் சரி. தேக்கைக் கரையான் சுலபத்தில் தொடாது, ஆனால் வருஷக்கணக்காக ஒழுகினால் தேக்கும் உளுக்கும், அதுவும் சுவருக்குள் புதைந்திருக்கிற உத்திரத்தின் நுனிதான் முதலில் போகும், வெளியே பார்த்தால் பளபளவென்று நன்றாகவே தெரியும். ஆசாரியைக் கூப்பிட்டு அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், மெத்தென்று இறங்கினால் உடனே முட்டுக் கொடுக்க வேண்டும். பங்கு வீடு என்றால் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்க நாளாகும், எனக்குத் தெரியும். அதுவரை காத்திருக்காதீர்கள். உடைந்த ஓடுகளை மட்டுமாவது ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், அப்படியே கைமரம், ரீப்பர் எல்லாம் எப்படி இருக்கிறது என்று மேலே ஏறியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.