கடைசியில் அல்ல, முதலில் அனுப்புங்கள்

கேள்வி: என் மகன் பள்ளி இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் சுமாராகத்தான் செய்திருக்கிறான். கணவர் இருபது ஆண்டுகளாக மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறார். மகனும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று பார்க்கிறோம். ஆனால் தொழிற்சாலை, உணவகம், முடிதிருத்தும் கடை என்று எல்லாத் துறையிலும் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். வேறு வழி இல்லாவிட்டால், கடைசியில் ஏதாவது கைத்தொழில் பயிற்சிக்கு அனுப்பலாமா? எந்தத் துறைக்கு எதிர்காலம் இருக்கிறது?
– வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: எதிர்காலத்துக்குப் பிறகு வருகிறேன், அம்மா. 'கடைசியில்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. 'மகனும் அப்படி ஆகிவிடக் கூடாது' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எப்படி ஆகிவிடக் கூடாது? வண்டியின் சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லத் தெரிந்தவராகவா? இருபது ஆண்டுகளாக வீட்டில் உலை கொதித்ததும், மகனுக்குப் புத்தகம் வாங்கியதும் அந்தக் கைகளின் சம்பாத்தியத்தில்தானே? அப்பாவின் விரலில் ஒட்டிய கிரீஸைப் பார்த்துப் பிள்ளை கூசும்படி நாமே பழக்கிவிட்டோம். உங்களை மட்டும் சொல்லவில்லை. ஊரே இப்படித்தான் பேசுகிறது.

எஸ்பிஎம் முடிவு வந்ததும் மண்டபம் மண்டபமாகப் பாராட்டு விழா நடக்கும். எட்டு ஏ, ஒன்பது ஏ எடுத்தவர்களுக்கு மாலை, கேடயம், பத்திரிகையில் படம். நன்றாகப் படித்த பிள்ளைகள், வாழட்டும். ஆனால் தொழிற்பயிற்சிக்கு அரசு வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை முடித்த பிள்ளையை ஏன் மேடைக்குக் கூப்பிடவில்லை என்று நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்கிறார்கள். அந்த அடுத்த ஆண்டு இன்னும் வரவில்லை. இதற்கு அடியில் கிடப்பது சாதி. உட்கார்ந்து எழுதுகிறவன் மேல், கையால் செய்கிறவன் கீழ் என்ற கணக்கைக் கப்பலேறும்போதே நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். முடிதிருத்துகிறவரின் மகன் அந்தக் கத்தரிக்கோலைத் தொட மறுப்பதற்கு முதல் காரணம் சம்பளம் அல்ல. பள்ளியில் அவன் கேட்ட பேச்சு.

நம் முன்னோர் பால்மரம் வெட்ட மட்டும் வரவில்லை. கோலாலம்பூரில், செந்தூல் ரயில்வே பட்டறையில் தமிழர்கள் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார்கள், கடைசல் பிடித்தார்கள், பெட்டிகளைப் பழுது பார்த்தார்கள். ஜப்பானியர் ஆட்சியின் இறுதியில், 1945இல், நேச நாட்டு விமானங்கள் அந்தப் பட்டறையைத் தேடி வந்து குண்டு வீசின. நாட்டின் ரயிலை நிறுத்த வேண்டுமானால் செந்தூலை அடிக்க வேண்டும் என்று போர்த் தளபதிகளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கோ தாத்தா எந்த இயந்திரத்தில் நின்றார் என்பது தெரியாது. 'ரயில்வேயில் இருந்தார்' என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

முதலாளிமார் பக்கம் வருவோம். 'ஆள் கிடைக்கவில்லை, இந்தக் காலத்துப் பையன்கள் சோம்பேறிகள்' என்று அவர்கள் சொல்வதை இந்தப் பக்கத்தில் முன்பே மறுத்திருக்கிறேன். சில முதலாளிமார் சங்கத் தலைவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் தீரவில்லை என்று கேள்விப்படுகிறேன். என்னுடையதும் தீரவில்லை. முடிதிருத்தும் நிலையம், நகைப் பட்டறை, ஜவுளிக்கடை மூன்றுக்கும் அந்நியத் தொழிலாளர் எடுப்பது 2009இல் முடக்கப்பட்டது. அன்று ஒரு பதினெட்டு வயதுப் பையனைச் சேர்த்துக்கொண்டு, கௌரவமான சம்பளம் கொடுத்து, தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தால் இன்று அவன் தனிக்கடை வைத்து இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பான். அதற்குப் பதிலாக மனுமேல் மனு போனது. 2023இல் மூன்று துறைக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி தர அரசு முன்வந்தபோது வெற்றி என்றார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு பயிற்சிப் பட்டறை எழும்பவில்லையே என்று அவர்களில் யாரும் வருந்தி நான் கேட்கவில்லை.

உங்கள் பினாங்கு மாநிலத்திலேயே வேறு விதமாக நடந்திருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. இன்டெல் அந்த ஆண்டே வந்தது. தொழிற்சாலைகள் பெருகி, நுட்பம் தெரிந்தவர்கள் போதாமல் போனபோது, 1989இல் நிறுவனங்களும் மாநில அரசும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். சந்தையில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தன. பெரிய நிறுவனங்களால் முடியும், எங்களால் முடியுமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். பத்து உள்ளூர்த் தொழிலாளர் இருந்தாலே, அவர்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காடு அளவுக்கு முதலாளி தன் பணத்தை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்ட வேண்டும். அது பயிற்சிக்காகத் திரும்பப் பெறக்கூடிய பணம். பெறாமல் விட்டுவிட்டு ஆள் இல்லை என்று புலம்பினால் நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒன்றும் தெரியாமல் வருபவனுக்கும் அதே தொகை, மூன்று நிலை முடித்து வெல்டிங் செய்யத் தெரிந்து வருபவனுக்கும் அதே தொகை என்றால், அவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகத்தான் போவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெற்கே இருப்பவன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறான். இங்கே கற்ற தொழிலுக்கு அங்கே விலை இருக்கிறது. 2024 மே மாதம் அரசு அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்களை உருவாக்குவது இலக்கு. ஒவ்வொரு பொறியாளருக்குப் பின்னாலும் இயந்திரத்தை ஓட விடும் தொழில்நுட்பர்கள் வேண்டும். அவர்களைப் பற்றி யார் மேடையில் பேசுகிறார்கள்?

இன்னொரு கூட்டத்தையும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். சமுதாயத்துக்கென்று வரும் மானியத்தில் இரண்டு வாரப் பயிற்சி நடத்தி, டீசட்டை கொடுத்து, பிரமுகரோடு படம் எடுத்து, ஒரு தாளை நீட்டி அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மையத்தில் படித்த பெண், தன் சான்றிதழை எந்த முதலாளியும் ஏற்கவில்லை என்று என்னிடம் அழுதிருக்கிறாள். ஏழைப் பிள்ளையின் இரண்டு வாரத்தைத் திருடுவது சிறிய குற்றம் அல்ல.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மகனைச் சேர்ப்பதற்கு முன், அந்த மையம் மட்டுமல்லாமல் அவன் படிக்கப்போகும் குறிப்பிட்ட பிரிவும் நிலையும் அரசின் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றவையா என்று பாருங்கள். பட்டறைக்குள் போய் இயந்திரங்களைக் கண்ணால் பாருங்கள். உங்களுக்கு வெகு தூரமில்லாத நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே அரசுத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. தமிழர் பெயர் தாங்கிய அந்த வாசலில் நம் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பக்கத்திலேயே புக்கிட் மிஞ்ஞாக்கில் ஜப்பான்–மலேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. தொழிற்சாலையில் பெரும்பகுதி நேரம் வேலை செய்துகொண்டே படிக்கும் இரட்டைப் பயிற்சி முறையும் 2005 முதல் நடக்கிறது. மூன்றாம் நிலையோடு நிறுத்தாமல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா முடித்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். துறையைக் கேட்டீர்கள்: மின்சாரம், குளிர்சாதனம், தானியங்கி இயந்திரப் பராமரிப்பு மூன்றையும் சொல்வேன். பெரிய மின் நிறுவல்களுக்குத் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேன், அதாவது அவற்றைக் கவனிக்கும் பொறுப்பாளர், இருக்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் கணவரும் விண்ணப்பிக்கட்டும். முன் அனுபவத்தை அங்கீகரித்துத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. வகுப்பில் உட்கார வேண்டாம். செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் வந்து சோதிப்பார். பட்டறையில் அவர் செய்யும் வேலைகளை இப்போதே படம் எடுத்து வைக்கத் தொடங்குங்கள், அந்தப் படங்களை மகனே எடுக்கட்டும்.