வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் விவசாயம் செய்ய நிலம் வாங்க நினைக்கிறேன். இத்தனை ஏக்கர்தான் வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறதா?

தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். மூன்று வருடம் அலைந்து ஒன்றேகால் ஏக்கர் வாங்கியவன் நான்.

உச்சவரம்பு உண்டு. ஆனால் நீங்கள் அதன் கிட்டேகூடப் போக மாட்டீர்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது 1961 சட்டம். 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். இந்த ஸ்டாண்டர்டு ஏக்கர் சர்வேயர் அளக்கும் ஏக்கர் இல்லை, நிலத்தின் தீர்வையை, அதாவது நிலவரியைப் பொறுத்தது. நல்ல நஞ்சை என்றால் அந்த 15, பன்னிரண்டு ஏக்கரிலேயே தீர்ந்துவிடும். வறண்ட மானாவாரி என்றால் 60 ஏக்கர் வரை இழுக்கும். நமக்கு எதற்கு அதெல்லாம்? விவசாயி மட்டுமே வாங்கலாம் என்ற நிபந்தனையும் இங்கே இல்லை. கர்நாடகத்தில் 2020 வரை இருந்தது.

கவனிக்க வேண்டியது வேறு. எனக்கு முதலில் காட்டிய இடம் பக்கத்து நிலத்தின் விலையில் பாதி. கிணறு, வரப்போரம் இரண்டு வேப்பமரம். பத்திரம் நாலு கை மாறியிருந்தது, வில்லங்கமும் சுத்தம். "அண்ணே, நாளைக்கே அட்வான்ஸ் போட்டுரலாம்" என்றார் புரோக்கர். டீக்கடையில் ஒரு பெரியவர்தான், "அது டி.சி. நிலம்ல தம்பி" என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அரசுப் பதிவேட்டைப் பார்த்தால், டி.சி. நிலம் என்றே இருந்தது.

டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்பது பஞ்சமி நிலம். 1892 முதல் ஆங்கிலேய அரசு பட்டியல் சாதி மக்களுக்கு உழுது பிழைக்கக் கொடுத்தது. பத்து வருடம் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பத்திரம் போட்டாலும் அந்த நிபந்தனை போகாது. வயிற்றுப்பாட்டுக்கென்று ஒருவருக்குக் கொடுத்த நிலம் என்னைப் போன்ற ஆளிடம் போய்ச் சேரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நிபந்தனையே. வைத்ததில் தப்பில்லை, இத்தனை பேர் மீறியதுதான் தப்பு.

உச்சவரம்பில் எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுத்த உபரி நிலம், பூமிதான இயக்கத்தில் தானமாக வந்த நிலம் இவற்றுக்கும் தனித்தனி நிபந்தனை உண்டு. சிட்டாவில் பெயர் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அ-பதிவேட்டு நகல் ஒன்று வாங்கி, தாய்ப்பத்திரத்தோடு சேர்த்து வக்கீலிடம் காட்டுங்கள். அப்புறம் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் நிற்குமா என்று பாருங்கள். அதை நான் பார்க்காமல் விட்டேன்.