ஞாயிறும் திங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பிறந்தது ஏப்ரல் 5. ஆங்கில இதழ்களில் பார்த்தால் மேஷம். ஜாதகத்தில் விருச்சிகம். எது சரி?

பதில்: இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். மேற்கத்திய முறையில் பிறந்த அன்று சூரியன் நின்ற ராசியைச் சொல்கிறார்கள். நம் முறையில் சந்திரன் நின்ற ராசியே ஜன்ம ராசி. சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் இருப்பதால், அந்த மாதத்தில் பிறந்த எல்லோருக்கும் சூரிய ராசி ஒன்றுதான். சந்திரனோ ஏறக்குறைய இரண்டேகால் நாளில் ராசி மாறிவிடும். ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்ட அதுவே நுட்பமான அளவுகோல் என்று நம்மவர்கள் கருதினார்கள்.

இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. நம் கணக்கில் உங்கள் சூரியனும் மேஷத்தில் இல்லை, மீனத்தில்தான் இருக்கிறது. மேற்கத்தியர் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதப் புள்ளியிலிருந்து ராசிச் சக்கரத்தைத் தொடங்குகிறார்கள். நாம் நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறோம். இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை (டிகிரி) இடைவெளி. இதற்குத்தான் அயனாம்சம் என்று பெயர். சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை நகர்வதால், தேதியிலும் சுமார் 24 நாள் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆகவே அந்த இதழ்களின் மேஷ பலனை உங்கள் ஜாதகத்தோடு சேர்த்துப் படிக்காதீர்கள்.

கேள்வி: சூரியனைத் தந்தை என்றும் சந்திரனைத் தாய் என்றும் சொல்கிறார்கள். புராணத்தில் சந்திரனும் ஆண்தானே?

பதில்: ஆண்தான். 27 மனைவியர் உள்ளவர். ஆனால் ஜோதிட நூல்கள் அவரைப் பெண் கிரகமாக வகைப்படுத்தி, தாய்க்கும் மனத்துக்கும் காரகனாக்குகின்றன, அதாவது அவற்றைக் குறிக்கும் கிரகமாக்குகின்றன. சூரியன் தந்தைக்கும் ஆன்மாவுக்கும் காரகன். புராணம் பேசுவது ஒரு தேவனைப் பற்றி. ஜோதிடம் பேசுவது ஒரு குணத்தைப் பற்றி. ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தப் போனால் இரண்டும் புரியாமல் போகும்.

குணம் எங்கிருந்து வந்தது என்று வானத்தைப் பார்த்தாலே தெரியும். சூரியனின் வட்டம் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. தன் ஒளியில் தானே நிற்கிறது. மாறாத ஆன்மாவுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை இல்லை. சந்திரன் இரவல் ஒளியில் வாழ்வது, ஒருநாள் இருந்ததுபோல் மறுநாள் இராது. மனமும் அப்படித்தான், எதன் அருகில் நிற்கிறதோ அதன் ஒளியை வாங்கிக்கொள்ளும்.

ஆண், பெண் என்ற பகுப்பு உலகெங்கும் ஒன்றாக இல்லை. கிரேக்கர்களுக்குச் சூரியன் ஆண், நிலவு பெண். வடஐரோப்பியத் தொன்மத்தில் சூரியன் பெண், நிலவு ஆண். ஜப்பானியரின் சூரிய தெய்வம் அமதெராசு ஒரு பெண். பழைய மெசபடோமியாவில் நிலவுத் தெய்வம்தான் சூரியத் தெய்வத்துக்கே தந்தை. தமிழில் சிலப்பதிகாரம் திங்களை முதலில் போற்றி, அடுத்துத்தான் ஞாயிற்றைப் போற்றுகிறது. அங்கே திங்கள் சோழனின் வெண்குடை, ஞாயிறு அவன் திகிரி. தாய், தந்தை என்ற பேச்சே அங்கு இல்லை. இரண்டும் அரசின் சின்னங்கள்.

கேள்வி: ரோகிணிமேல் கொண்ட காதலால்தான் சந்திரன் ரோகிணியில் உச்சம் பெறுகிறார் என்பது சரியா?

பதில்: பாதி சரி. சந்திரனுக்கு உச்ச ராசி, அதாவது மிக வலுவாக இருக்கும் ராசி, ரிஷபம்; ரோகிணி முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆனால் பரம உச்சப் புள்ளி ரிஷபத்தின் 3-ஆம் பாகை. ரிஷபத்தின் முதல் 10 பாகை கார்த்திகைக்கு உரியது. ரோகிணி 10 பாகையில் தொடங்கி 23 பாகை 20 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை) முடிகிறது. ஆக, சந்திரன் உச்சத்தின் உச்சியில் நிற்பது கார்த்திகை நட்சத்திரத்தின் 2-ஆம் பாதத்தில் (கால் பகுதியில்). அந்த நட்சத்திரத்தின் அதிபதியோ சூரியன்! 3 பாகைக்குப் பிந்தைய ரிஷபப் பகுதி சந்திரனுக்கு மூலத்திரிகோணம், அதாவது உச்சத்துக்கு அடுத்தபடியாக வலுவான இடம். ரோகிணி அதற்குள் வருகிறது.

கதை இதனால் பொய்யாகிவிடாது. தட்சனின் 27 மகள்களை மணந்த சந்திரன், ரோகிணியிடமே தங்கிவிட்டார்; மற்றவர்கள் முறையிட, தேய்ந்து போகும்படி தட்சன் சபித்தார்; சிவன் பிறையைச் சடையில் ஏற்றுக் காத்தார். சந்திரன் வான வட்டத்தை ஒருமுறை சுற்ற ஆகும் காலம் 27.3 நாள், மனைவிக்கு ஓர் இரவு வீதம். ரோகிணி என்று நாம் சொல்லும் செந்நிற விண்மீன் சந்திரன் போகும் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது. சில ஆண்டுகளில் சந்திரன் மாதந்தோறும் அதை மறைத்துக்கொண்டே கடக்கும். அதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தக் கதை தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு. (மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றின் முதன்மை விண்மீன்களையும் சந்திரன் இப்படி மறைப்பதுண்டு.)

கேள்வி: என் மகள் தேய்பிறை திரிதியையில் பிறந்தாள். சந்திர பலம் இல்லை என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயப்பட ஒன்றுமே இல்லை. பட்ச பலம் என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி. அந்தப் பாகையை 3-ஆல் வகுத்தால் வரும் எண்தான் பலம். பௌர்ணமியில் 180 பாகை, அதாவது 60. இடைவெளி 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். தேய்பிறை திரிதியையின் நடுவில் இடைவெளி 210, கழித்தால் 150, பலம் 50. வளர்பிறை திரிதியையின் நடுவில் இடைவெளி வெறும் 30, பலம் 10. உங்கள் மகளின் சந்திரன் பௌர்ணமி கழிந்து மூன்றே நாளான, கண்ணைப் பறிக்கும் நிலா. ‘தேய்பிறை’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பலன் சொல்வது பெரிய தவறு.

கேள்வி: தந்தையும் மகனுமான சூரியனும் சனியும் ஏன் பகை?

பதில்: சூரியனின் வெப்பம் தாங்காத மனைவி, தன் நிழலான சாயாவை விட்டுச் சென்றாள். சாயாவின் மகன் சனி. ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள எதிர்நிலையை ஜோதிடம் கட்டத்திலேயே அமைத்திருக்கிறது. ராசிக் கட்டத்தில் கடகம் சந்திரனுக்கு, சிம்மம் சூரியனுக்கு. அங்கிருந்து இரு பக்கமும் நடந்து பாருங்கள்: மிதுனமும் கன்னியும் புதனுக்கு, ரிஷபமும் துலாமும் சுக்கிரனுக்கு, மேஷமும் விருச்சிகமும் செவ்வாய்க்கு, மீனமும் தனுசும் குருவுக்கு. கடைசியாக, கடகத்துக்கும் சிம்மத்துக்கும் நேர் எதிரே மகரமும் கும்பமும், சனிக்கு. சூரியனிலிருந்து தூரம் கூடும் வரிசை இது. உச்சமும், அதற்கு எதிரான மெலிந்த நிலையாகிய நீசமும் இதையே சொல்கின்றன: சூரியன் உச்சம் பெறும் மேஷத்தில் சனி நீசம், சனி உச்சம் பெறும் துலாமில் சூரியன் நீசம்.

கேள்வி: ஜாதகம் சரியாகக் கணிக்கப்பட்டதா என்று நாமே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. சூரியனும் சந்திரனும் போதும்.

முதலில் தமிழ் மாதம். சித்திரை என்றால் சூரியன் மேஷத்தில், வைகாசி என்றால் ரிஷபத்தில், இப்படியே பங்குனி மீனம் வரை. தமிழ்த் தேதியில் ஒன்றைக் கழித்தால் சூரியனின் பாகை ஏறக்குறைய வந்துவிடும்; ஒன்றிரண்டு பாகை முன்பின் இருக்கலாம்.

அடுத்து பிறந்த நேரம். சூரியன் உதயத்தின்போது லக்னத்திலும் (முதல் வீட்டிலும்), நடுப்பகலில் 10-ஆம் வீட்டிலும், அஸ்தமனத்தில் 7-ஆம் வீட்டிலும், நள்ளிரவில் 4-ஆம் வீட்டிலும் இருக்க வேண்டும். ஒரு வீடு முன்பின் இருந்தால் பரவாயில்லை. காலை 6.30-க்குப் பிறந்தவருக்குச் சூரியன் 7-இல் இருந்தால், காலையை மாலை என்று எடுத்துக் கணித்திருக்கிறார்கள். அடிக்கடி நேரும் பிழை இதுதான்.

மூன்றாவது திதி. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகும் காலமே ஒரு திதி. சித்திரை 10, வளர்பிறை சப்தமி என்று வைத்துக்கொள்வோம். சூரியன் மேஷம் 9. சப்தமி என்றால் சந்திரன் சூரியனுக்கு 72 முதல் 84 பாகை முன்னால் இருக்கும். 9-ஐக் கூட்டினால் 81 முதல் 93. அதாவது, ராசிக்கு 30 பாகை வீதம் எண்ணினால், மிதுனம் 21 பாகைக்கும் கடகம் 3 பாகைக்கும் இடையில். ஜாதகத்தில் சந்திரன் சிம்மத்தில் இருந்தால் திதியோ தேதியோ தவறு. தேய்பிறைக்கு 180 சேர்த்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்குப் பின் பிறந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். செவ்வாய் இரவு கடந்து 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆங்கிலக் கணக்கில் புதன், பஞ்சாங்கக் கணக்கில் செவ்வாய். இந்தக் குழப்பத்தில் ஒரு நாள் தள்ளிக் கணித்தால் சூரியன் அநேகமாக அதே ராசியில்தான் இருக்கும், பிழை கண்ணில் படாது. சந்திரன் 13 பாகை நகர்ந்து நட்சத்திரமே மாறிவிடும். நட்சத்திரம் மாறினால் எந்தக் காலம் எந்தக் கிரகத்தின் ஆட்சி என்று சொல்லும் தசைக் கணக்கு முழுவதும் மாறிவிடும். ஆகவே சந்திரனைத்தான் முதலில் சரிபாருங்கள்.