மேலவையில் யார் உட்கார வேண்டும்?

அன்புள்ள ஐயா,

தமிழ்நாட்டில் 1986இல் மூடப்பட்ட சட்ட மேலவையை, அதாவது பேரவையோடு இருந்த இரண்டாவது அவையை, மீண்டும் கொண்டுவர வேண்டுமா, வேண்டாமா? கொண்டுவர வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பேரவையில் கூச்சலும் வெளிநடப்பும்தான் மிஞ்சியிருக்கின்றன. அறிஞர்கள் அமர்ந்து நிதானமாகப் பேசும் ஓர் அவை தேவை. ராஜாஜியும் அண்ணாவும் ம.பொ.சி.யும் இருந்த அவை அல்லவா? வீண் செலவு என்கிறார் என் நண்பர். எனக்கு இடிப்பது வேறொன்று. உள்ளாட்சி உறுப்பினர்களும் மேலவைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்களாம். என் அத்தை எங்கள் ஊர் ஊராட்சித் தலைவர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவரைப் போன்றவர்களின் வாக்கில் வருகிறவர் எப்படி அறிஞர் அவைக்குப் பொருந்துவார்? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., நாமக்கல்

அன்புள்ள தம்பி,

போன வாரம் அப்பாவின் தகரப் பெட்டியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். பட்டாக்களுக்கும் உரச் சீட்டுகளுக்கும் நடுவே நான்காக மடித்த ஒரு தட்டச்சுத் தாள் கிடைத்தது. மடிப்பு கிழிந்த இடத்தில் அப்பா சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தார். மேலவையில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் அதில் இருந்தன. இரண்டு நாளாக அந்தத் தாளையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் மேலவையைப் பற்றிப் பேச எனக்கு இப்போது பொழுதில்லை.

செலவு பற்றி உங்கள் நண்பர் சொல்வதை விட்டுவிடுகிறேன். ஓர் அவை தேவையா இல்லையா என்பதைச் சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதாக இருந்தால் பேரவையையும் மூட வேண்டியதுதான். கூச்சல், வெளிநடப்பு என்பதையும் விடுங்கள். மக்கள் அனுப்பிய ஆட்கள் மக்களைப் போலத்தான் பேசுவார்கள்.

பெரியவர்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறீர்கள். 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார்; அந்த வழியாக அவர் முதலமைச்சரானார். ராஜாஜியின் அறிவை நான் மதிக்கிறேன். அவர் வந்த வாசலை மதிக்க முடியவில்லை. 1967இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அண்ணா முதலமைச்சரானபோது மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். மேலவை மூடப்பட்டபோது ம.பொ.சி. அதன் தலைவராக இருந்தார். இந்தப் பெயர்களையெல்லாம் அந்த அவையின் பெருமையாகச் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் பெரியவர்கள் போய்வந்தார்கள் என்பதால் மட்டும் அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடாது.

எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவு சொல்கிறது. பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேலவை போகக் கூடாது. நாற்பதுக்குக் குறையவும் கூடாது. நமக்குப் பேரவையில் 234 பேர். ஆகவே மேலவைக்கு 78 பேர் வரை இருக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 26 பேரை, உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கைப் பேரவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. மீதியை ஆளுநர் நியமிப்பார். நீங்கள் கனவு காணும் அறிஞர்களும் கலைஞர்களும் வருவது இந்த மீதியில்தான். நீங்கள் முகம் சுளிக்கிறீர்களே, அந்த உள்ளாட்சிப் பங்கு இதைப்போல் இரண்டு மடங்கு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் உங்கள் அத்தையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பு என்று எண்ணிச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, அவர் எத்தனை தெருவிளக்குக்கும் எத்தனை மேல்நிலைத் தொட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் என்று எண்ணத் தெரியவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஊர் யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது? பட்டம் பெற்ற உங்கள் வாசலிலா? மாநிலத்தின் சட்டம் கடைசியில் வந்து இறங்கும் மண் உங்கள் அத்தை நிற்கும் மண். அது எப்படி இறங்கியது, எங்கே தட்டியது என்று சொல்லத் தகுதி உள்ளவர் அவர்தான்.

பட்டதாரித் தொகுதியையே நான் ஏற்கவில்லை. பட்டம் பெற்று மூன்று ஆண்டு ஆனவருக்கு ஒரு வாக்கு கூடுதல். அவரே உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தால் இன்னொன்றும் உண்டு. நாடு விடுதலை பெற்ற நாளில் பட்டதாரியை விரல் விட்டு எண்ணிவிடலாம்; அன்று அதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தது. இன்று எந்தத் தெருவில் பட்டதாரி இல்லை? நாற்று நடும் பெண்ணுக்கு ஒரு வாக்கும் அவள் படிக்கவைத்த மகனுக்கு இரண்டு வாக்கும் என்பதை அவள் முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

இனி என் அப்பா. அவர் ஐந்தாம் வகுப்பு. உங்கள் அத்தையைவிட மூன்று வகுப்பு குறைவு. 1970இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவரானார். ஊராட்சித் தலைவர்கள்தான் அன்று ஊராட்சி ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். அந்த வகையில் மேலவைத் தேர்தலில் அவருக்கு ஒரு வாக்கு வந்தது. அதில் முத்திரை குத்த முடியாது. வேட்பாளர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். அப்பா கணக்கெல்லாம் பழைய தமிழ் எண்களில் எழுதுகிறவர். ௧ என்று பழக்கதோஷத்தில் போட்டு வாக்கு செல்லாமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். முதல் நாள் இரவு என் சிலேட்டை வாங்கித் திண்ணையில் அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து 1, 1, 1 என்று வரிசையாக எழுதிப் பார்த்தார். எழுதி, உள்ளங்கையால் துடைத்து, மறுபடி எழுதினார். காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டார். பேரவைத் தேர்தலுக்கு அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. ஊரே போடும் வாக்கு வேறு. ஊருக்காகத் தான் ஒருவனே போடும் வாக்கு வேறு என்று நினைத்திருப்பார்.

எங்கள் பெரிய ஏரியின் இரண்டாம் மதகு அப்போது இடிந்து கிடந்தது. கல் சரிந்து, அடைப்புப் பலகை நிற்காமல், மண் மூட்டையும் வைக்கோல் பிரியும் வைத்து அடைத்துவந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி ஒரு அலுவலகத்தின் பொறுப்பு, கூடினால் வேறொரு அலுவலகத்தின் பொறுப்பு. எங்கள் ஏரியின் ஆயக்கட்டு நூறை ஒட்டி நின்றது. அவர்கள் ஏரி என்று இவர்களும் இவர்கள் ஏரி என்று அவர்களும் எழுதியே மூன்று வருடம் போயிற்று. அப்பா வாக்களித்த உறுப்பினர் ஒருநாள் எங்கள் ஊருக்கு வந்தார். வாக்களித்தவர்கள் சில நூறு பேர்தான். ஒவ்வொருவரையும் அவருக்கு முகம் தெரியும். ஏரிக்கரையில் நடந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுக் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். அடுத்த கூட்டத் தொடரில் கேள்வி கேட்டார். அந்த ஏரி எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், சொன்னார். பதில் ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பிறகு ‘இது எங்கள் பொறுப்பில் உள்ள ஏரி இல்லை’ என்று எழுத அந்த அலுவலகத்தால் முடியவில்லை. மறு வருடம் மதகு கட்டினார்கள். அந்த வரி உள்ள தாளைத்தான் அப்பா பசை போட்டு வைத்திருந்தார்.

மேலவைக்கு அதிகாரமே இல்லை என்பார்கள். உண்மைதான். பண மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம். மற்ற மசோதாவை முதல் முறை மூன்று மாதம், பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அதற்குமேல் அதன் சம்மதம் தேவையில்லை. மாநிலங்களவைக்கும் மக்களவைக்கும் முரண்பாடு வந்தால் கூட்டுக் கூட்டம் உண்டு. இங்கே அதுவும் இல்லை. அமைச்சரவையைக் கவிழ்க்க முடியாது, குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை. ஆனால் கேள்வி கேட்கலாம், நான்கு மாதம் நிறுத்திவைக்கலாம். ஆந்திரத்தில் 2020 ஜனவரியில் மூன்று தலைநகர் மசோதாவை மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. ஐந்தே நாளில் மேலவையையே ஒழிக்கத் தீர்மானம் போட்டது பேரவை. 2021 நவம்பரில் அதே அரசு அந்தத் தலைநகர்ச் சட்டங்களையும் திரும்பப் பெற்றது, ஒழிப்புத் தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது. அதற்குள் மேலவையில் பெரும்பான்மை அதன் பக்கம் வந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கையில் இல்லாத அவை சுமை, கைக்கு வந்த அவை சொத்து. எல்லாக் கட்சிக்கும் இதே கணக்குதான்.

நம் கதையும் அதுதான். ஒரு நடிகையின் நியமனத்தில் வந்த சிக்கலால் எம்.ஜி.ஆர். மேலவையை மூடினார் என்று திண்ணைதோறும் சொல்லப்படுகிறது. நான் வேறொரு தேதியைப் பார்க்கிறேன். 1986 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெரும்பாலான நகராட்சிகளை எதிர்க்கட்சியான திமுக வென்றது. மேலவையின் உள்ளாட்சிப் பங்கை இனி நிரப்பப் போகிறவர்கள் அவர்கள். மே மாதம் ஒழிப்புத் தீர்மானம் வந்தது, நவம்பர் 1ஆம் தேதி மேலவை இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் படிக்கிறேன். பிறகு திமுக 1989இலும் 1996இலும் 2010இலும் மீட்கத் தீர்மானம் போட்டது. 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று மறு தீர்மானம் வந்தது. இத்தனை விவாதத்திலும் அந்த உள்ளாட்சிப் பங்கைப் பற்றி யாராவது வாய் நிறையப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கவிஞர்களையும் பேராசிரியர்களையும் பற்றியே பேசினார்கள், உங்களைப் போலவே.

மாநிலங்களுக்காக டெல்லியில் ஓர் அவை இருக்கிறது. அதில் நம் குரல் ஒலிக்கவில்லை என்று கோபப்படுகிறோம், நியாயமான கோபம். நிதியைத் தாமதிக்கிறார்கள், நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்கிறோம். இதே சொற்களை ஒரு ஊராட்சித் தலைவர் சென்னையைப் பார்த்துச் சொன்னால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களின் ஊர்ப்புறங்களுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். அத்தனை ஆண்டும் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஒரு மாநிலத்துக்குத் தேர்தல் நடத்தாமல் டெல்லி ஐந்து வருடம் அதிகாரியை வைத்து ஆண்டிருந்தால் நாம் தெருவில் இறங்கியிருப்போம். ஊராட்சிக்காக யார் இறங்கினார்கள்? அன்று மேலவை இருந்திருந்தால் அந்த 26 இடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள், தங்களுக்கு வாக்களிக்க வேண்டியவர்களே இல்லாமல் போனதை ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் எழுந்து கேட்டிருப்பார்கள். 1986இல் மேலவை மூடப்பட்டபோது உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தன. அந்த 26 பேருக்குப் பேச வலு வந்தபோது, போய்ப் பேச அவை இல்லை.

ஆக, மேலவை வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டும். பட்டதாரிக்கும் ஆளுநரின் நியமனத்துக்கும் உள்ள இடங்களையும் சேர்த்து ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் கொடுத்துவிடுகிற மேலவை வேண்டும். அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும், திருத்தட்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. உங்கள் வயதில் நானும் அப்பாவின் எழுத்தைப் பார்த்துக் கூசியிருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றெல்லாம் தேதி போட்டிருக்கும். மேலே அனுப்பிய தீர்மானங்களில் எத்தனைக்கு எழுத்தில் பதில் வந்தது என்று அவரிடம் கேட்டு, எண்ணி, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.