ஒரே கட்டிலில் நாயும் பூனையும் நாமும்: வாசகர் கேள்விகள்

செல்லங்களைப் பக்கத்தில் படுக்கவைப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் கால்நடை மருத்துவர் பதில் தருகிறார்.

நான் மூன்று மாதக் கர்ப்பிணி. எங்கள் பூனை ஐந்து வருடமாக என் கால்மாட்டில்தான் படுக்கிறது. "பூனை முடி வயிற்றுக்குள் போனால் பிள்ளைக்கு ஆகாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார் அத்தை. என்ன செய்யட்டும்?
— வாசகி, கும்பகோணம்

பூனையை எங்கும் விட வேண்டாம், அம்மா. முடி வயிற்றுக்குள் போனாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அத்தையின் பயத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. ஆபத்து ஒன்று உண்டு; அது பூனையின் மலத்தில் இருக்கிறது.

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். எலியையோ பச்சைக் கறியையோ தின்று இந்த ஒட்டுண்ணியை வாங்கிக்கொள்ளும் பூனை, பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் வரை அதன் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். அந்த முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது. பக்குவமாக 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை மலம் கழிக்கும் பெட்டியை, தினமும் சுத்தம் செய்தாலே பெரும்பாலான ஆபத்து போய்விடுகிறது. பிரசவம் வரை அந்த வேலையை உங்கள் கணவர் செய்யட்டும். பூனைக்கு வேகவைத்த கறி, மீன் மட்டும் கொடுங்கள்; வெளியே வேட்டைக்கு விடாதீர்கள். தோட்ட மண்ணில் கை வைத்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் பக்கத்தில் படுக்கும் பூனையைவிடப் பெரிய ஆபத்து. உங்களுக்கு இந்தத் தொற்று முன்பே வந்துபோயிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகுதான் படுக்கை விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பூனைக்குத் தூளி என்றால் கொள்ளை ஆசை. வளைந்த துணி, அதில் ஒரு சூடு. வேறென்ன வேண்டும் அதற்கு? பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே தூளியைக் கட்டுங்கள். பூனை ஏறினால் சத்தம் போடாமல் தூக்கிக் கீழே விட்டு, அதன் சொந்தப் படுக்கையில் தீனி வையுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் தூளித் துணியைச் சுருட்டி மேலே முடிந்து வையுங்கள். குடை மாதிரி விரியும் கொசுவலையை நம்பாதீர்கள். நான்கு கிலோ பூனை மேலே உட்கார்ந்தால் அது பிள்ளையின் முகத்தில் அமுங்கிவிடும். பிள்ளை தூங்கும்போது பூனை அறைக்கு வெளியே, கதவு சாத்தியிருக்க வேண்டும். இதில் மட்டும் சமாதானமே கிடையாது.

நாய் படுத்த இடத்தில், பெட்ஷீட்டின் மேல், அரிசி போல ஒன்று கிடந்தது. குனிந்து பார்த்தால் அசைகிறது! இரண்டு மாதம் முன்புதான் பூச்சி மருந்து கொடுத்தோம்.
— வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் பார்த்தது நாடாப்புழுவின் உடலிலிருந்து கழன்று விழுந்த ஒரு துண்டு. புதிதாக விழுந்தது நீண்டு சுருங்கி நகரும். காய்ந்துபோனால் எள் அளவுக்குச் சுருங்கி மஞ்சளாகி, வால் அடி முடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது. நாய் அரிப்பெடுத்து உடம்பைக் கடிக்கும்போது தெள்ளுப்பூச்சியையும் விழுங்கிவிடுகிறது. அதன் வயிற்றில் இருக்கும் புழுக் குஞ்சு நாயின் குடலில் வளர்கிறது.

முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரமாக்கித் தரையில் விரித்து, அதன் மேல் நாயை நிறுத்தி, இடுப்புக்கு மேல் வால் தொடங்கும் இடத்தைப் பேன் சீப்பால் சீவுங்கள். மிளகுத் தூள் போலக் கருப்புத் துகள் விழும். ஈரத்தில் அது செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் நாயின் ரத்தம். கரையாமல் இருந்தால் வெறும் தூசி.

போன முறை கொடுத்த மருந்தின் அட்டையை எடுத்துப் பாருங்கள். பைரான்டெல் மட்டும் இருந்தால் அது உருளைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும்தான். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு 50. எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறி, அந்த எடையைக் கழியுங்கள்.

மருந்து புழுவைக் கொல்லும். தெள்ளுப்பூச்சி இருக்கும்வரை மூன்று வாரத்தில் மறுபடி அரிசி விழும். ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டையில் பசை கிடையாது. நாய் உடம்பை உதறினால் உருண்டு மெத்தைத் தையலுக்குள் போய்விடும். அதிலிருந்து வரும் புழு கூடு கட்டிக்கொள்ளும்; அந்தக் கூட்டுப் பருவத்தில் மருந்துக்கும் மசியாமல் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தைத் தையலையும் கட்டிலின் அடிப்பலகையையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பையை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.

அந்த அரிசியைத் தொட்டதால் பிள்ளைகளுக்குப் புழு வராது. தெள்ளுப்பூச்சியை விழுங்கினால்தான் வரும். வீட்டில் பூனையும் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. நாய்க்கென்று கழுத்தில் ஊற்றும் சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனைக்கு விஷம்: நடுங்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். இரண்டும் ஒரே படுக்கையில் படுக்கும் வீட்டில் அந்த மருந்தே வேண்டாம்.

உண்ணி மாத்திரை கொடுத்த பிறகும் கட்டில் பக்கத்துச் சுவரில் உண்ணி ஏறுகிறதே?
— வாசகி, திருச்சி

மாத்திரை வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. உண்ணி நாயைக் கடித்து ரத்தம் குடித்தால்தான் மருந்து அதற்குள் போகும். நம் ஊர் நாய் உண்ணி ஒவ்வொரு பருவத்திலும் வயிறு நிறைந்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கட்டில் மூட்டிலும் ஒளிந்து வளரும்; பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். இவை தீரும்வரை மாத்திரையை இடைவெளி விடாமல் கொடுக்க வேண்டும். அஃபாக்ஸோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூராலானர் 12 வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். விரிசல்களைச் சிமென்ட் அல்லது புட்டி வைத்து அடையுங்கள். கண்ணில் பட்ட உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் பாட்டிலில் போடுங்கள். நாய்க்குக் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், காபி நிறச் சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை.

நாய் என்னோடுதான் தூங்குகிறது. என் கணவர் கட்டில் அருகே வந்தால் உறுமுகிறது. அடித்தும் பார்த்துவிட்டார்.
— வாசகி, சேலம்

அடிப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உறுமல் நாய் தரும் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும்; அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். இத்தனை நாள் சாதுவாக இருந்து திடீரென்று இப்படி ஆகியிருந்தால், காதிலோ இடுப்பிலோ வலி இருக்கலாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி இல்லை என்று தெரிந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் இரவில் நாய்க்குக் கட்டிலுக்குக் கீழே தனிப் படுக்கை போடுங்கள். உங்கள் பழைய புடவை ஒன்றை அதில் விரித்தால் வாசனைக்குச் சமாதானமாகும். பகலில் பயிற்சி: கட்டிலில் ஏறச் சொல்லி, உடனே வேகவைத்த கோழித் துண்டைத் தரையில் போட்டு "இறங்கு" என்று சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. "இறங்கு" என்றதும் துண்டைப் பார்க்காமலே குதிக்க ஆரம்பித்தால், அதன் பிறகு உங்கள் கணவர் அறை வாசலில் நின்றபடி துண்டு போடட்டும். தினம் ஒரு அடி நெருங்கட்டும். நாயின் உடம்பு விறைத்தாலோ, வாய் இறுகினாலோ, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிந்தாலோ அன்று அவசரப்பட்டுவிட்டீர்கள். முந்தைய தூரத்துக்குப் போங்கள். கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுக்கவே கூடாது. வீட்டுக்குள் நடக்கும் கடிகளில் பல அந்த நொடியில்தான் விழுகின்றன.

பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வெள்ளை ராஜபாளையம். தூக்கத்தில் என் மகன் தடவியதும் சட்டென்று கையைக் கவ்விவிட்டது, காயம் இல்லை. பாசமான நாய், ஏன் இப்படி?
— வாசகர், விருதுநகர்

காது கேட்கிறதா என்று பாருங்கள். முழு வெள்ளையாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்கும் ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. நாய் தூங்கும்போது பின்னால், அதிர்வும் காற்றும் படாத தூரத்தில் நின்று, சில்லறை போட்ட டப்பாவைக் குலுக்குங்கள். காது அசையாவிட்டால் சந்தேகம்தான். ஒரு காது மட்டும் செவிடு என்றால் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது.

செவிட்டு நாய் காலடிச் சத்தத்தில் விழிக்காது. தொடுதலே அதற்கு முதல் செய்தி. மிரண்டு கவ்வுகிறது, கோபத்தில் இல்லை. எழுப்பும் முறையை மாற்றுங்கள். நாயைத் தொடாமல், அது படுத்திருக்கும் மெத்தையை ஒரு அடி தள்ளி உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்துங்கள். கண் திறந்ததும் மூக்குக்கு நேரே தீனி. ஒவ்வொரு முறையும் இப்படியே செய்தால், விழிப்பு என்றால் நல்லது வரும் என்று சில வாரத்தில் பழகிவிடும். அதுவரை மகனோடு ஒரே படுக்கையில் விடாதீர்கள்.

பூனை விடியற்காலை நான்கு மணிக்கு முகத்தை நக்கி எழுப்புகிறது. தூக்கமே போச்சு.
— வாசகி, சென்னை

விடியலும் அந்தியும் பூனையின் வேட்டை நேரம். எழுந்து நீங்கள் சோறு வைத்ததால், எழுப்பினால் சோறு வரும் என்று கற்றுக்கொண்டது. இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் கயிற்றில் எதையாவது கட்டி ஓடவிட்டு, பிறகு அன்றைய பெரிய சாப்பாட்டைக் கொடுங்கள். காலைச் சாப்பாடு நீங்கள் எழுந்து அரை மணி கழித்துத்தான். முதல் வாரம் இன்னும் அதிகமாகக் கத்தும். அப்போது ஒரு நாள் இரங்கினாலும் பட்ட பாடு வீண்.

பதின்மூன்று வயது லாப்ரடார். இனி கட்டிலில் ஏற முடியவில்லை. கீழே படுத்து இரவெல்லாம் எங்களைப் பார்த்து முனகுகிறது.
— வாசகர், தஞ்சாவூர்

தூக்கி ஏற்றாதீர்கள், நடுராத்திரியில் தானாக இறங்கப் பார்த்து இடுப்பில் அடிபடும். முடிந்தால் நீங்கள் மெத்தையைத் தரையில் இறக்கிப் போட்டுப் படுங்கள். அதுதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி. முடியாவிட்டால் கட்டிலை ஒட்டி, உங்கள் கை எட்டும் இடத்தில், நான்கு அங்குல கெட்டி ஃபோம் போடுங்கள். பஞ்சு மெத்தை அமுங்கிவிடும், எலும்பு தரையில் படும். அதன் மேல் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பருத்தி விரிப்பு. படுத்த இடம் தூக்கத்திலேயே நனைந்தால் திட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ இருக்கலாம், பரிசோதனை செய்யுங்கள். ஈரம் பட்ட முடியை வெதுவெதுப்பான நீரால் துடைத்து உலர்த்துங்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை வழுக்காத கால்மிதிகளைத் தொடர்ந்து விரியுங்கள். கிழவன் நடக்க மறுப்பதற்குப் பாதிக் காரணம் டைல்ஸ்தான். தானாகப் புரள முடியாத நிலை வந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபக்கம் திருப்பிவிடுங்கள். முழங்கையிலும் இடுப்பெலும்பிலும் முடி உதிர்ந்து தோல் சிவக்கிறதா என்று தினமும் விரலால் தடவிப் பாருங்கள். இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். விழித்தால் நீங்கள் இருப்பது அதற்குத் தெரிய வேண்டும்.